வீதியில் அடித்த கம்பி

மூன்றாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
ஆடி 12

அன்புள்ள பேரன் முபாறக்குக்கு,

போன வருடத் திருவிழாவன்று, கோயிலைச் சுற்றியுள்ள மண் வீதியில் நின்றவர்களைச் சொல்கிறேன், கேள். மேடையில் கிற்றாரோடு என் பேரன் கிருசாந்தன். அவனுக்குப் பின்னால் ட்ரம்ஸில் நீ. இடப்பக்கம் பேஸ் கிற்றாரோடு பிரியந்தினி. மேடைக்கு முன்னால், தையல் வேலை முடிந்து அதே உடுப்போடு வந்த கஜனி. உழவு மெசினை ஓரம்கட்டி அதன் மட்காட்டில் ஏறியிருந்த வீரையா. கிணற்றடியில் கதிரை போட்டு நான். என் தம்பி ராஜரத்தினம், கோயில் செயலாளர், பட்டுச் சால்வையோடு ஓடித் திரிந்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணும், ஞாபகம் கோணாது.

நீ வேலைக்குப் போன கட்டாரில் சுகமாக இருக்க உன் அல்லாவையும் என் அம்மனையும் சேர்த்தே கும்பிடுகிறேன். போன வெள்ளி உன் உம்மா லதீபா வட்டிலப்பம் கொண்டுவந்தா. நீ வெளிக்கிட முந்தின மாதம் முழுக்க எதையும் தட்டவில்லையாம். "முந்திச் சோத்துக் கோப்பையிலை தாளம் போட்டா ஏசுவன். பிறகு தட்டுறானில்லையே எண்டு அழுதனான்" என்றா.

ஆவணியில் கிருசாந்தன் செத்து ஒரு வருடம், ஆட்டைத்திவசம். வருகிறவர்களுக்குக் கொடுக்க அவன் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறோம். அச்சடிக்க முந்திப் பார்க்கச் சொல்லி வந்த தாள்களைப் பிரியந்தினி எனக்கு வாசித்தாள். தன் பக்கத்தில் அவனுடைய முதல் கிற்றாரைப் பற்றி எழுதியிருக்கிறாள். மூன்றாம் தந்தி அறுந்து வாங்க வழியில்லாமல் சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு இழை பிரித்துப் பூட்டினானாம். "பிரேக் போட்டிருக்கு, பாட்டு இடையிலை நிண்டா ஏசாதை" என்றானாம். சிரித்துக்கொண்டு வாசித்தவள் அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

கஜனி, தன் மெசின் அவன் பாட்டின் வேகத்தில்தான் ஓடியது என்றும், இப்போது தையல் நேராக வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறாள். வீரையாவுக்கு எழுத வராது, சொல்லி எழுதுவித்தார்: "பாட்டிலை ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா பொடியன் அந்தத் தந்தியை இழுக்கேக்கை, சண்டையிலை செல்லடிக்குள்ளை நான் விட்டிட்டு வந்த என்ரை மகள் கூப்பிடுற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் மெசினை நிப்பாட்டுறனான்."

கடைசிப் பக்கம் ராஜரத்தினம் எழுதியது. "நண்பன் முபாறக்கின் கவனயீனத்தால் மின்சாரம் தாக்கி." நான் "நிப்பாட்டு பிள்ளை" என்றேன்.

நீ கவனயீனமாக இருக்கவில்லை. மத்தியானமே மேடைக்குப் பக்கத்தில், கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பியை வீதியில் அடித்தாய். மண் காய்ந்திருக்கு என்று என்னிடம் வாளி வாங்கித் தண்ணீர் ஊற்றினாய். அம்மன் வீதி சுற்றி வரும்போது, தூக்குகிறவர்களுக்குக் கால் தடுக்கும் என்று ராஜரத்தினம் அதைப் பிடுங்கினான். நீ அப்போது உடுப்பு மாற்றப் போயிருந்தாய். "அம்மன் போன உடனை திருப்பி அடிக்கிறன் அக்கா" என்று கிணற்றுக் கட்டில் சாத்தினான். மறந்துபோனான். தூறல் விழுந்தது. கிருசாந்தன் நனைந்த தந்தியில் கை வைத்தபடி மைக்கில் வாய் வைத்தான்.

கம்பி என் முழங்காலோடு சாய்ந்து நின்றது, முபாறக். அது என்னத்துக்கு என்று எனக்குத் தெரியாது.

பிறகு தெரிந்தது. தெரிந்தும் பேசவில்லை. தாய் தகப்பனைச் செல்லுக்குக் கொடுத்த ஒன்பது வயதுக் கிருசாந்தனைத் தோளில் சுமந்து வட்டுவாகல் பாலம் கடத்தியவன் ராஜரத்தினம். அந்தத் தோளுக்காக வாயை மூடினேன். நீ மூன்று நாள் பொலிசில் இருந்தபோதும் மூடினேன். "அவங்களோடை சேர்ந்தா இப்பிடித்தான்" என்று ஊர் சொன்னபோதும் மூடினேன். சொன்னவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும்.

நேற்று ராஜரத்தினத்தை வரவழைத்து, உன்னைப் பற்றி எழுதியதை வெட்டச் சொன்னேன். "செத்தவன் திரும்பி வரப்போறானோ அக்கா? மற்றவன் கட்டாரிலை. இதை வாசிக்கவோ போறான்?" என்றான். ஒரு வருடம் நான் காப்பாற்றியது இந்த வாயைத்தான்.

அவனுடைய பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், கம்பியைப் பற்றி மேலே உனக்கு எழுதியது என் பெயரில் வரும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் உன் பெயரை மட்டும் போட்டு வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். உன்னைவிடக் கிருசாந்தனை ஆர் அறிவார்? நாலு வரி என்றாலும் பிரியந்தினிக்கு அனுப்பு. மனம் வராவிட்டால் விடு, அது வெறுமையாகவே அச்சாகட்டும்.

உன் ட்ரம்ஸ் என் அறையில் சேலை போர்த்தி இருக்கிறது. பல்லி ஓடினாலும் சத்தம் கேட்கும். நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட்டீர்கள் என்று எட்டிப் பார்க்கிறேன்.

லீவு கிடைத்தால் திவசத்துக்கு வா. மரக்கறிச் சாப்பாடுதான். நான் வாய் மூடியிருந்ததைப் பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. என் பக்கத்தில் இருந்து ஒரு பிடி சாப்பிடு, போதும். நீ நூறு வயது இருக்க வேண்டும், ராசா.

இப்படிக்கு,
உன் அம்மம்மா
கமலாட்சி

என் பக்கத்தின் கடைசி வரியை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், இப்படியே அச்சாகும்: பிடுங்கின கம்பியைத் திருப்பி அடிக்காததை மன்னித்துவிட்டேன், அது மறதி. பழியை அந்தப் பிள்ளையின் தலையில் வைத்ததை, என்னோடு கூடப் பிறந்திருந்தாலும், மன்னிக்க மாட்டேன், ராஜரத்தினம்.