அண்ணன் போட்டிருந்த நீலக்கல்

என் உயிர் அண்ணனுக்கு,

எனக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது அண்ணே. பெண் பெயர் செல்வி, மன்னார்குடிப் பக்கம். சரியான வாயாடி, உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

அவளுக்குக் கும்ப ராசி. நிச்சயதார்த்த மோதிரத்தில் நீலக்கல் வைக்கச் சொன்னார் அவர்கள் ஜோசியர். அம்மா போனிலேயே ஒப்பாரி வைத்துவிட்டாள். "ஒரு புள்ளைய அந்தச் சனியன் புடிச்ச கல்லுக்குக் குடுத்தது பத்தாதாடா? நீலம் வந்தா நிச்சயத்துக்கே நான் வரமாட்டேன்!"

ஏழரைச் சனிக்காக நீ நீலம் போட்ட மூன்றாம் மாதம், நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த புஜைரா துறைமுகத்தில் கிரேன் சுமை உன்மேல் விழுந்தது. அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தக் கல்தான் குற்றவாளி. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை உன் மோதிரத்தோடு துபாய் தேராவுக்குப் போனேன். அங்கே கல் வியாபாரம் செய்யும் கீழக்கரை பாய் ஒருவர் லென்ஸை என் கையில் கொடுத்தார்.

"உள்ள உருண்டை உருண்டையா காத்துக் குமிழி தெரியுதா தம்பி?"

"தெரியுது பாய்."

"அப்ப இது கண்ணாடி. நெசமான நீலத்துல நூல் மாதிரி கோடு ஓடும், நிறம் பட்டை பட்டையா நிக்கும். உங்க அண்ணன யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க."

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் அந்தக் கடையிலேயே அழுதேன். இந்தக் கண்ணாடியையா, கெட்ட கனவு வருகிறதா என்று மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துப் போட்டாய்?

உன்னைக் கொன்றது கல் இல்லை அண்ணே. நைந்துபோன கிரேன் கம்பி. இழை பிரிந்திருந்ததை அன்று காலையிலேயே நான் பார்த்தேன். ஃபோர்மேனிடம் சொன்னேன். "பாத் மே தேக்கோ பாய், யல்லா யல்லா!" என்று, அப்புறம் பார்க்கலாம், சீக்கிரம் ஆகட்டும் என்று விரட்டினான். தூக்கச் சொல்லிக் கிரேன்காரனுக்குக் கையை ஆட்டியவன் நான்தான். அம்மா கல்லைத் திட்டத் திட்ட, எனக்கு அது வசதியாக இருந்தது.

பாயிடம் ஓர் இலங்கை நீலம் எடுத்தேன். கோடு ஓடுவதை நானே லென்ஸில் பார்த்தேன். செல்விக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குக் கல்லப் பத்திப் பயமில்லங்க. மொதல்ல அத்தைகிட்ட சொல்லுங்க. அப்புறம் என் விரல்ல போடுங்க."

அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போகிறேன். பெட்டியை இறக்கி வைத்ததும் அம்மா எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். நிச்சயத்துக்கு வரமாட்டேன் என்றாலும் சரி, பொய்யைச் சொல்லி அவளைக் கூட்டிப்போக மாட்டேன். இங்கே சைட்டிலும், நைந்த கம்பியைக் கண்டால் 'மாஃபி', முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறேன். ஃபோர்மேன் கத்தட்டும்.

இனி நம் வீட்டில் யாரும் உன் கல்லைத் திட்டமாட்டார்கள் அண்ணே. என்னைத் திட்டட்டும்.

உன் கண்ணாடி மோதிரத்தைப் போட்டிருக்கும்
உன் தம்பி ராசு