மோத்திக்கு லாடம்

வெள்ளிக்கிழமை, இரவு. எனக்கு எழுத வராது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது.

கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் எங்கள் குதிரை மோத்தியின் இடது முன்குளம்பில் வெடிப்பு. பழைய லாடத்தைக் கழற்றிய பாஷா பாய், "இப்ப ஆணி அடிச்சா வெடிப்பு மேல ஏறும், பெரியவரே. ஒரு மாசம் வெறுங்கால்ல விடுங்க" என்றார். ஞாயிறன்று தொம்மலூரில் ஒரு ஊர்வலத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

மகன் குமார் கத்தினான். "தார் ரோட்டுல வெறுங்காலா? மாப்பிள்ளைய நீயே முதுகுல ஏத்திக்கோ, நைனா!"

அவன் பிறக்கும் முன் எங்களிடம் இருந்த வெள்ளைக் குதிரைக்கும் இப்படித்தான் வெடித்தது. அவசரத்துக்கு என் அப்பா லாடம் அடிக்கச் சொன்னார். அதன் பிறகு அது நொண்டாமல் நடந்து நான் பார்க்கவில்லை. லாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். குதிரை ரோட்டில் நடக்காது, வேறு ஆள் பாருங்கள் என்றேன்.

"நடக்க வேணாங்க. வேன்ல கொண்டாந்து மண்டப வாசல்ல நிறுத்துங்க. மாப்பிள்ளை ஏறி, போட்டோ எடுத்துக்கிட்டு இறங்கிடுவாரு. அவருக்கும் குதிரை மேல போக பயம்தான்."

குமாரிடம் சொன்னேன். "இதுக்கு மரக்குதிரையே போதுமே" என்று முணுமுணுத்துக்கொண்டே வேன்காரனுக்குப் போன் போட்டான்.