அடிக்காமல் விட்ட சொல்

இன்று காலை புளியங்குடி வியாபாரி ஒருவர் அழுகின எலுமிச்சம்பழம் ஒன்றைச் சாட்சியாக மேஜைமேல் வைத்தார். ஒரு வேகன் சரக்கு ஸ்டேஷனிலேயே கிடந்து வீணாகிவிட்டதாம். ரயில்வேக்கு இங்கிலீஷில் மனு வேண்டும். உட்காருமுன்பே, "அந்த அண்ணாச்சி இல்லியா?" என்று கேட்டார். நீ செத்து நாலு மாதம் ஆகிறது என்று சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. செத்துப் போயும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டாய் போல.

தென்காசி தாலுகா கச்சேரிக்கு எதிரே மனு எழுத நமக்கு ஒரே மேஜை. வாசகம் நீ சொல்வாய்; முத்து முத்தாக எழுதுவது நான். வந்தவர்கள் கும்பிட்டது உன்னைத்தான். இங்கிலீஷில் ஒருமைக்கு எந்த வினை, பன்மைக்கு எந்த வினை என்று நான் பேனாவோடு முழிக்கும்போது, "நடுவுல எத்தன பேரு நின்னாலும் பாக்காதலே, ஆளு யாருன்னு மட்டும் பாரு" என்பாய்; ஆள் என்றால் உனக்கு எழுவாய். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார். உன் மண்டையில் மட்டும் எப்படி ஏறியது?

குற்றாலத்தில் ஒரு பங்களாவில் குமாஸ்தா வேலை காலியானபோது, உன் விண்ணப்பத்தையும் என்னிடமே நகலெடுக்கத் தந்தாய். உனக்குத்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். இணைத்த சர்டிபிகேட்டுகள் பல என்பதால் நீ 'ஆர்' போட்டிருந்தாய். நான் தெரிந்தேதான் 'இஸ்' என்று எழுதினேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாசித்துக்கொண்டே வந்த உன் விரல் அந்த இடத்தில் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தாய்.

"அடிச்சா ஒன் எழுத்து அசிங்கமாப் போயிரும்லே. இருக்கட்டும்" என்று சொல்லி அப்படியே கையெழுத்துப் போட்டாய்.

வேலை வேறொருவனுக்குப் போனது. அந்த ஒரு சொல்லால்தானா என்று தெரியாது. அதற்கப்புறமும் கடைசிவரை என் பக்கத்திலேயே உட்கார்ந்தாய்; ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

இன்றைய மனுவில் 'ஒரு வேகன் எலுமிச்சம்பழங்கள்' என்று எழுதியதும் பேனா நின்றது. பழங்களை விட்டுவிட்டு வேகனைப் பார்த்தேன். ஒருமை வினையைப் போட்டேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத வியாபாரி தாளைக் கண்ணருகே பிடித்து, "அண்ணாச்சி எழுதுன மாதிரியே இருக்கு" என்றார். அன்றும் இன்றும் எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கூலியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

உன் இங்கிலீஷைக்கூட எப்படியோ கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். அன்று அடிக்காமல் கையெழுத்துப் போட்டாயே, அந்த மனசு மட்டும் எனக்கு வரவில்லை. அதன்மேல்தான் இன்றும் பொறாமை.