பேச்சில்லாமல் நீங்கள் இருந்த வருடங்கள்

என்னங்க,

காலையில் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தபோது உங்கள் கழுத்துத் துணிகள் கைக்கு வந்தன. உங்கள் பழைய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, நாடா வைத்து நான் தைத்தவை. எத்தனை முறை துவைத்தாலும் அந்த டெட்டால் வாசனை போவதில்லை. முகர்ந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று காது மூக்கு தொண்டை வார்டு நர்ஸ் போன் செய்திருந்தாள். "அம்மா, உங்க வூட்டுக்காரருக்குப் பண்ண அதே ஆபரேசன். இங்க ஒருத்தரு வேணாம்னு அடம் புடிக்கிறாரு. டாக்டரம்மா உங்கள வந்து பேசச் சொன்னாங்க. அந்தத் துணி ஒன்னு இருந்தா எடுத்தாங்க" என்றாள். அதற்காகத்தான் பீரோவைத் திறந்தேன்.

தக்காளி மண்டியில் ஏலம் கூறிக் கூறி வளர்ந்த குரல் உங்களுடையது. கூடைகளுக்கு நடுவே நின்று நீங்கள் கூவினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தும் அதைக் குறைக்கத் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்பதுகூட ஏலம்தான். "மெதுவாத்தான் கேளுங்களேன், நான் என்ன சரக்கு எடுக்கவா வந்திருக்கேன்?" என்று எத்தனை நாள் சிடுசிடுத்திருப்பேன். இன்று அந்தக் கத்தலுக்காக ஏங்கிக் கிடக்கிறேன்.

குரல் கம்மியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்டியில் தொண்டை கட்டாதவன் வேலை செய்யாதவன். கரகரத்த குரலோடு ஒருவன் வந்தால் அன்று சரக்கு நிறைய வந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்களும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கத்துனா கட்டத்தான் செய்யும்" என்பீர்கள். நான் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தேன். ஒரு சீசன் முழுக்க அப்படியே ஓடி, அடுத்த சீசனும் வந்துவிட்டது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். தொண்டையில் புற்று, குரல்வளையை முழுக்க எடுத்தாக வேண்டும். இனி மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான். பேச்சு இருக்காது. பேசுவதற்குப் பெரிய ஊர்களில் சின்னதாக ஒரு வால்வு வைக்கிறார்களாம். அதை அடிக்கடி மாற்ற வேண்டும், பேசப் பழக்கிவிட ஆளும் வேண்டும், இங்கே இரண்டுக்கும் வழியில்லை என்று அவரே வருத்தப்பட்டார். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று, "கொரலு இல்லாம நான் எதுக்கு? செத்தாலும் கொரலோட போறேன்" என்றீர்கள். "நீங்க போயிடுவீங்க. நான் என்ன பண்றது?" என்று கேட்டேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். மறுநாள் காலையில் நீங்களாகவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள்.

மயக்க மருந்து டாக்டர் வரவில்லை என்று ஒரு முறை, ரத்தம் கிடைக்கவில்லை என்று ஒரு முறை, ஆபரேஷன் தள்ளிப்போனது. எப்போது, எப்போது என்று நான் நர்ஸிடம் போய்ப் போய்க் கேட்டேன். உங்களுக்கோ கொண்டாட்டம். "நல்லதாப் போச்சு, இன்னும் நாலு வார்த்தை பேசிக்கிறேன்" என்று இருக்கிற கரகரப்பை வைத்தே வார்டைச் சிரிக்க வைத்தீர்கள். கடைசியில் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்தீர்கள். ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று குனிந்தேன். "மோட்டார நிறுத்திட்டுத்தான வந்த?" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. "நிறுத்திட்டேங்க" என்றேன். அப்போது கோபமாக வந்தது. இப்போது தோட்டத்துக் கிணற்று மோட்டார் பக்கம் நின்றால், அதையே இன்னொரு முறை கேட்க மாட்டீர்களா என்று இருக்கிறது.

அதன் பிறகு என்னைக் கூப்பிடுவதெல்லாம் கைதட்டித்தான். மூக்கில் காற்று போகாததால் வாசனையும் தெரியாது. களிக்கு என்ன குழம்பு என்று சட்டியைத் திறந்து பார்ப்பீர்கள். முதல் செக்கப்புக்குப் போனபோது சீட்டுப் போடுகிறவன் பெயர் கேட்டான். உங்களால் சொல்ல முடியாது. நான் சொல்ல மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயர் என் வாயில் வந்ததில்லை. நம் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் யாருமே சொல்வதில்லை. நான் உங்களைப் பார்க்க, நீங்கள் என்னைப் பார்க்க, அவன் எரிச்சலாகி, "என்னம்மா, ரெண்டு பேருக்குமே பேச்சு வராதா?" என்றான். சட்டென்று சொல்லிவிட்டேன். நீங்கள் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். துளையிலிருந்து வந்த மூச்சில் கழுத்துத் துணி படபடத்தது. அதோடு விட்டீர்களா? வீட்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் சாப்பிட வருவேன் என்று திரும்பி உட்கார்ந்துகொள்வீர்கள். வெட்கத்தை விட்டுக் கூப்பிடுவேன். யாருமில்லாத வீட்டில் இன்றும் சில நேரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன். எழுத மட்டும் கை வரவில்லை.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது தொண்டை இல்லை, நெஞ்சு. போன தை மாதம், குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா வைத்தியம் பார்த்த இடம் சுத்தமாகத்தான் இருந்தது.

மதியம் வார்டுக்குப் போனேன். அடம் பிடிக்கிறவர் பென்னாகரம் பக்கம் ஆடு மேய்க்கிறவர். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குரல் போனால் ஆட்டை எப்படிக் கூப்பிடுவது என்பது அவர் கவலை. அவர் மனைவிக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. துணியைக் கொடுத்து, எப்படிக் கட்டுவது என்று அவளுக்குக் காட்டினேன். அவர் திரும்பாமலே, "அதுக்கப்புறம் உங்க வூட்டுக்காரரு பேசுனாராம்மா?" என்று கேட்டார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்குப் பொய் வரவில்லை.

"இல்லீங்க. ஒரு வார்த்தை பேசல."

"அப்புறம் எதுக்கு அந்த ஆபரேசனு?"

"இருந்தாருங்க. நாலு வருசம் எங்கூட வூட்ல இருந்தாரு. நான் திட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கினு, பக்கத்துலயே இருந்தாரு."

அந்த மனுஷர் மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. தன் மனைவியைப் பார்த்தார். நான் சொல்ல வந்ததில் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

"அந்த நாலு வருசம் எனக்குப் போதலீங்க."