மல்பெரி மரத்துச் சத்தம்

என் வீட்டுக்காரிக்கு,

நம் சின்ன மகளும் அவள் குழந்தையும் நலமாக இருப்பார்கள். இங்கே கார் பளபளவென்று இருக்கிறது.

நீ வருடாவருடம் காத்திருக்கும் வலசைக் குருவிகள் வசந்தம் பிறந்ததும் வந்துவிட்டன. வானமே கறுத்துப்போனது. தோட்டத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்தன, இன்னொரு வட்டம் அடித்தன. பிறகு துணிக்கொடியில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மல்பெரி மரம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பழம் சிந்திப் புதுக் கார் முழுக்கக் கறையாகும் என்று, நீ அவள் பிரசவத்துக்குத் துணையாகப் போன கையோடு ஆளை வைத்து மரத்தை வெட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய்விட்டன. திரும்ப வரவில்லை.

அன்று மாலைதான் நீ போனில், "வந்துடுச்சாங்க? சத்தத்தையாவது கேக்க வைங்களேன்" என்றாய். வெட்டியதைச் சொல்லாமல், போன வருடம் எடுத்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, போனை அதன் பக்கத்தில் பிடித்தேன். "அடேயப்பா, இந்த வருஷம் என்னா கூட்டம்!" என்று குழந்தையின் காதிலும் வைத்தாய். அப்புறம் தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது.

நேற்று வீடியோவைச் சரியான இடத்தில் நிறுத்த மறந்துவிட்டேன். குருவிகளுக்கு நடுவே உன் குரலே கேட்டது: "என்னங்க, டீ ஆறுது. வாங்க."

பதறிப்போய் அணைத்தேன். நீ, "சரி, போய் டீயைக் குடிங்க" என்று வைத்துவிட்டாய்.

இன்று நீ கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் கூப்பிடுவேன்? டீ போட்டேன். அது பாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
கார்க்காரன்