திரிசூலியில் விட்டுவந்தது

ருவைஸ்,
23-10-2007

அன்புள்ள ஷ்ருதிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, எனக்குத் தொண்டைக்கட்டு, மற்றபடி இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீயாகச் சொன்னால்தான் உண்டு. போனில் கேட்டால் ஃபைன்மா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே படி. அபுதாபியில் பிறந்த பெண்ணுக்கு நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அ, ஆ இதற்காவது உதவட்டும்.

ஜொஹரா ஆன்ட்டி வியாழக்கிழமை சென்னைக்கு வருகிறாள். அவள் தம்பி இந்தக் கடிதத்தையும் ஒரு பெரிய பொட்டலத்தையும் உன் ஹாஸ்டலில் கொண்டுவந்து கொடுப்பான். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் கடிதத்தைப் படித்துவிடு. இல்லாவிட்டால் உன் அப்பாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைப்பாய்.

நீ படிப்பு முடிந்ததும் அந்தமானுக்குப் போய், கடலாமை முட்டையிடும் கரையில் ஒரு வருடம் வேலை பார்க்கிறேன் என்று சொன்னாய். அப்பா உனக்குப் போனில் ஒரு வகுப்பே எடுத்தார். சுனாமி வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, படகில் போகவேண்டிய இடம், பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, முடியாது என்றால் முடியாது என்றார். அன்றிலிருந்து நீ அவர் டூட்டிக்குப் போன நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறாய். அது அவருக்குத் தெரியாது என்று நினைக்காதே. சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதே ஷ்ருதி பேசினாளா என்று கேட்பார். பேசினாள் என்பேன். காதில் விழாதவர் போலக் குளிக்கப் போய்விடுவார். நவம்பர் பத்துக்குள் அந்த ஆமை ஆராய்ச்சிக்காரர்களுக்கு நீ பதில் சொல்லவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். உங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து நான்தான் மத்தளம் மாதிரி அடிபடுகிறேன்.

அது இருக்கட்டும். நேபாளம் போய்வந்த கதையைச் சொல்கிறேன்.

ஈத் விடுமுறைக்கு நெய்னா முகம்மது அங்கிள்தான் எல்லா ஏற்பாடும் செய்தார். அவரும் ஜொஹராவும், நாங்கள் இருவரும். பசுபதிநாதர் கோயில், பனிமலை பார்க்கும் இடம், அப்புறம் ஒரு நாள் ஆற்றுப் பயணம் என்று போட்டிருந்தது. அப்பா அதைக் கொடைக்கானல் ஏரிப் படகு என்று நினைத்துக்கொண்டார். நான் விளம்பரப் படத்தைப் பார்த்தேன். காற்றடித்த ரப்பர் படகு, எல்லோர் தலையிலும் ஹெல்மெட், முகத்தில் அறையும் தண்ணீர். வாயைத் திறக்கவில்லை. எப்போது பேசாமலிருக்க வேண்டும் என்பதுகூட இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாதா?

ஆறு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது திருச்சியில் பாலத்துக்குக் கீழே பரந்து கிடக்கும் மணல்தான். நாங்கள் போன திரிசூலி ஆறு அப்படியில்லை. இரண்டு மலைக்கு நடுவில் இரைந்துகொண்டு ஓடுகிறது. மழைக்காலம் முடிந்த சமயம் என்பதால் தண்ணீர் நிறைய. பாறையில் மோதி வெள்ளையாகப் பொங்குகிறது. கரையில் இறங்கியதும் அப்பா ஒரு பார்வை பார்த்தார். கலாஸ், பார்த்தது போதும், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றார். காசு கட்டியாச்சு சார் என்று நெய்னா அங்கிள் சிரித்தார். நான் அதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுவிட்டேன்.

இனிமேல் பின்வாங்க முடியாது என்று தெரிந்ததும் உன் அப்பா பிளான்ட்டில் டூட்டி பார்ப்பது போலவே சேஃப்டி ஆபீசர் ஆகிவிட்டார். வீட்டில் கேஸ் வால்வை மூன்று தடவை பார்க்கிற மனிதர், சும்மா இருப்பாரா? எங்கள் லைஃப் ஜாக்கெட்டுகளைத் தூக்கித் தூக்கி இழுத்துப் பார்த்தார். வழிகாட்டியாக வந்தவன் பெயர் குருங், நல்ல வாட்டசாட்டமான ஆள், முகத்தில் எப்போதும் ஒரு குறும்பு. ஏதாவது ஆனால் எல்லோரும் எங்கே கூடுவது என்று அவனிடம் கேட்டார். தண்ணீரில்தான் சார் என்றான் அவன். ஜொஹரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் ஆள் விவரமானவன். முதலுதவிப் பெட்டியைக் காட்டினான், கூடவே சின்னப் படகில் வரப்போகும் இன்னொருவனைக் காட்டினான், சாலையில் நிற்கும் ஜீப்பையும் காட்டினான். அப்பாவால் ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு குருங் எங்களைச் சுற்றி நிற்கவைத்து ஹிந்தியில் பாடம் சொன்னான். துடுப்பை எப்படிப் பிடிப்பது, எப்போது குனிவது, விழுந்தால் மல்லாந்து படுத்துக் காலை முன்னால் நீட்டி மிதக்கவேண்டும், மூக்கும் கால்விரலும் வெளியே தெரியவேண்டும், ஆற்றில் எழுந்து நிற்கப் பார்க்கவே கூடாது. கடைசியாக, எதை வேண்டுமானாலும் மறந்துவிடுங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள் என்று ஒன்று சொன்னான். படகோடு உடம்பைக் கட்டக்கூடாது. கயிற்றைக் கையால் பிடிக்கலாம், கட்டிக்கொண்டால் படகு சாய்கிறபோது அதோடு அடியில் போய்விடுவீர்கள். நானும் ஜொஹராவும் நன்றாகக் கேட்டுக்கொண்டோம். அப்பா கேட்கவில்லை. அவர் அந்த நேரம் பின்னால் உட்கார்ந்து, அடுக்கி வைத்திருந்த ஹெல்மெட்டுகளில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகில் நான் முன்னால், அப்பா எனக்கு நேர் பின்னால். முதல் இரண்டு மூன்று அலைகள் சின்னவை. தண்ணீர் என்ன குளிர்ச்சி! ருவைஸ் குழாயில் அக்டோபரிலும் வெந்நீர் வருகிற நமக்கு அது அமிர்தம். நான் சின்னப் பெண் மாதிரி கத்தினேன். அப்பா பின்னாலிருந்து, ராதா உட்கார், ராதா குனி என்று மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறு கொஞ்சம் அமைதியான இடத்தில் துடுப்பை எட்டிப் போட்டேன். இடுப்பில் ஏதோ வெடுக்கென்று இழுத்தது. குனிந்து பார்த்தால் ஒரு கொக்கி. பிளான்ட்டில் டவர் மேல் ஏறுகிறவர்கள் இடுப்பில் மாட்டிக் கம்பியில் போடுவார்களே, இரண்டு முனையிலும் கொக்கி வைத்த குட்டைக் கயிறு, அதுதான். ஒரு முனை என் ஜாக்கெட் பட்டையில், இன்னொரு முனை படகைச் சுற்றிப் போகும் கயிற்றில். எப்போது மாட்டினாரோ தெரியாது. அதை ருவைஸிலிருந்து பெட்டியில் வைத்து விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார், ஷ்ருதி! தனக்கு மாட்டிக்கொள்ளவில்லை. இருந்தது ஒன்றுதான், அதை எனக்கு மாட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம் பொங்கியது. அடுத்த நொடியே கண்ணும் கலங்கியது. இந்த மனிதருக்கு அன்பு காட்ட வேறு வழியே தெரியாது. உயரத்தில் கொக்கி போடாமல் ஒரு நொடிகூட நிற்காதே என்று வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுக்குச் சொன்னவர். அது அங்கே உயிரைக் காக்கும். இங்கே எடுக்கும். திரும்பிச் சொல்லியிருப்பேன். சொன்னால் வாதம் செய்வார், நெய்னா அங்கிள் முன்னால் குருங் ஏதாவது சொல்லிவிட்டால் அவர் முகம் வாடிப்போகும். தவிர, முன்னால் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு கொக்கியையும் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆற்றில் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய அலை. படகு ஒரு பாறைமேல் ஏறிச் சாய்ந்தது. குனியுங்கள் என்று குருங் கத்தினான். எல்லோரும் குனிந்தார்கள், நான் ஆற்றில் இருந்தேன்.

செத்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், கடவுள் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. சாய்ந்த படகின் அடிவயிறு கறுப்பாக என் பக்கத்தில் இறங்கி, தண்ணீரை அமுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதோடு கட்டியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது. மல்லாந்தேன், காலை நீட்டினேன். மூக்கும் கால்விரலும். மேலே நீலமாக வானம், இரண்டு பக்கமும் மலை நகர்ந்து போகிறது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதோடு கூடவே ஒரு சந்தோஷம் வந்தது, எதற்கென்று எனக்கே தெரியவில்லை. நீ ஏன் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறாய் என்பது அந்தத் தண்ணீரில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை நானும் வாயளவில்தான் உன் கட்சி.

குருங் பையிலிருந்து கயிற்றை வீசினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். படகின் பக்கத்தில் வந்ததும் என் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் போட்டது உன் அப்பாதான். முழங்கைச் சிராய்ப்பு அப்போது பட்டது. என்மேல் விழுந்து கிடந்தபடி என் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். கொக்கியைத் தேடுகிறார். நான் இருமிக்கொண்டே சிரித்தேன். ஜொஹரா அழுதுகொண்டே அல்லாவைக் கூப்பிட்டாள்.

அன்று மாலை ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுக்கொடுத்தார்கள். நான் துணி மாற்றிக்கொண்டு வந்தபோது அப்பா தூரத்தில் குருங்குடன் நின்று பேசிக்கொண்டிருந்தார். யாரோ மூன்றாவது மனிதரைப் பற்றிக் கேட்பது போல, ஒருவன் கொக்கி போட்டுத் தன்னைப் படகோடு மாட்டிக்கொண்டால் என்னவாகும் என்று விசாரித்தார். குருங் சிரிக்கவில்லை. அப்படி ஒருவன் கேமரா வாரைப் படகில் கட்டிக்கொண்டு போனதையும், அவனை எப்படி வெளியே எடுத்தார்கள் என்பதையும் சொன்னான். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

திரும்பி வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். ஏண்டி, அதை எப்போது கழற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். எங்கே இப்போது என்றார். இந்த ஆறு கடைசியில் கங்கையில்தான் சேருமாம், காசிக்குப் போகிறவர்கள் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வருவார்களே, அப்படி விட்டுவிட்டேன் என்று வேடிக்கையாகச் சொன்னேன். உன் பெரியம்மா காசியில் பாகற்காயை விட்டாளே, பிடிக்காததை விட்டால் என்ன புண்ணியம் என்று நாம் சிரித்தோமே, அதை நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போ நானும் ஒன்று விடவேண்டுமே ராதா என்றார். எனக்குப் பிடித்ததைத்தானே விடவேண்டும் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பருப்பும் சோறும் ஆறிப்போகிறது, வாங்க என்று ஜொஹரா கூப்பிடும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ருவைஸ் திரும்பியபின் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. போன வெள்ளிக்கிழமை எழுந்து, யல்லா, கிளம்பு, அபுதாபி போகவேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. துறைமுகத்துப் பக்கம், மீன்பிடிப் படகுக்குச் சாமான் விற்கும் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரனோடு ஹிந்தியில் சண்டை பிடித்து, கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கினார். அவருக்கு அது பத்தாது. உன் அளவு.

வாங்கினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? மறுநாள் சாயங்காலம் அதை எனக்கு மாட்டி, ருவைஸ் கடற்கரையில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கவைத்தார். காலைத் தூக்கு, மல்லாந்து படு, இப்போது விசிலை ஊது. நம் காலனி பாதி அங்கேதான் வாக்கிங் வந்திருந்தது. எதிர்வீட்டு மலையாளி அம்மா கைகாட்டிவிட்டுப் போனார். என் மானம் வளைகுடாக் கடலில் போனாலும் ஜாக்கெட் மிதக்கிறது, பயப்படாதே. தொண்டைக்கட்டு அதனால்தான் வந்தது.

பொட்டலத்தில் இருப்பது அதுதான். உன் பேரீச்சம்பழத்தை இந்த முறை பாதிதான் வைக்க முடிந்தது.

போகட்டும் என்று அவர் இன்னும் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். எனக்கும் பயமில்லாமல் இல்லை. நீ போன பிறகு எந்தக் கடலில் காற்று என்று டிவியில் சொன்னாலும் எனக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் போய் வா. உன் ஆமைகள் எல்லாம் நன்றாக முட்டையிடட்டும். நீ எங்கே மிதந்தாலும் உன் மூக்கும் கால்விரலும் மேலேயே இருக்கட்டும்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா இரண்டு தடவை வாசல்வரை வந்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை நின்று, நாலு பக்கிளையும் இறுக்கிப் போடச் சொல், படகோடு மட்டும் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று எழுது என்றார். எழுதிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அடுத்த வெள்ளிக்கிழமை பகல் அவர் வீட்டில்தான் இருப்பார். அப்போது கூப்பிடு. எத்தனை தடவை மணி அடித்தாலும் நான் போனை எடுக்கப்போவதில்லை.

உன் அன்பு அம்மா,
ராதா கல்யாணசுந்தரம்