நெரிசலில் சிக்கிய முதலாளி

அன்புள்ள ஹெர்லிந்தா,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். இந்த வயதில்தானே கற்றேன். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று பெரிஃபெரிக்கோ விரைவுச்சாலையில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டன. காப்பீட்டு ஆள் வரும்வரை யாரும் காரை நகர்த்தமாட்டார்களே! மூன்று தடங்களில் அடைபட்டது ஒன்றுதான். மற்ற இரண்டிலும் வேடிக்கை பார்த்தே ஊர்ந்ததால், வழக்கமாகப் போவதில் பாதி வண்டிகூடப் போகவில்லை. தண்ணீர் விற்கப் புகுந்தேன். வெள்ளிக்கரண்டி திருடியதாக உன்னை வீட்டு வேலையிலிருந்து துரத்திய உர்பானோ, அங்கே வெயிலில் வெந்துகொண்டிருந்தார்!

“பெரியவரே, ஒரு தண்ணி!”

“என் பொண்டாட்டி ஹெர்லிந்தா திருடலைன்னு சத்தமாச் சொல்லுங்க, தர்றேன்.”

“கொழுப்பா உனக்கு?”

“அப்ப காப்பீட்டுக்காரன் வர்றவரைக்கும் எச்சில முழுங்குங்க, முதலாளி.”

பக்கத்து லாரிக்காரன், “சொல்லித் தொலைய்யா!” என்று சிரித்தான். சொன்னார். மறுபடியும் சொல்லவைத்தேன். பிறகு, இருப்பதிலேயே சூடான புட்டியாகத் தேடிக் கொடுத்தேன்.

தனியாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இடிக்கும் மிளகாய்ப் பொடி கொஞ்சம் அனுப்பு. ஹாரன் சத்தம் கேட்கிறது, அடுத்த நெரிசல் போல; விற்க ஓடுகிறேன். அவர் முகம் போன போக்கை அடுத்த வாரம் நிதானமாக எழுதுகிறேன்.

உன் கணவன்,
ஃபவுஸ்தினோ